ஜெயில் உப்பு

ஜெயிலில் வேலை பார்த்தவள் என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். போட்டுக்கொள்ளட்டும். நான் கைதியாக இருந்தவள் இல்லை, கைதிகளுக்கு மருந்து கொடுத்தவள் என்று ஒரு காலத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. உள்ளே இருந்தவர்களையும் எனக்குத் தெரியும், நாற்காலியைத் தள்ளிப் போடுகிறவர்களையும் தெரியும். இரண்டு கூட்டத்தில் எது வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்.

அதற்கு முன்பு மலாயாவில் செடெனாக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைக் கட்டில்கள், ஒரு அலமாரி நிறைய கொயினா மாத்திரை. புண் கழுவுவது, கட்டுப் போடுவது, பிள்ளைப்பேறு பார்ப்பது எல்லாம் அங்கேதான் கற்றேன். தோட்டத்துத் துரை காலையில் வந்து காய்ச்சல்காரர்களைக் கைத்தடியால் தட்டி எழுப்புவார். "பால்மரம் வெட்டப் போ" என்பார். ஒருநாள், வெடவெட என்று நடுங்கிக்கொண்டிருந்த ஒருவனை எழுப்ப வந்தபோது நான் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "இங்கே யார் துரை?" என்று கேட்டார். "வெளியில நீங்க. இந்த ஆஸ்பத்திரிக்குள்ள காய்ச்சல்தான் துரை" என்றேன். அன்று மத்தியானமே என் டிரங்குப் பெட்டி ரோட்டுக்கு வந்துவிட்டது.

பிறகு மூவாரில் ஒரு மரக்கடை முதலாளி வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடந்த அவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வீட்டார் பேச்சில் தேன் ஒழுகும். நான் குடிக்கும் தம்ளர் மட்டும் கிணற்றடியில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். அந்த அம்மாவின் மலம் மூத்திரம் எடுக்கிற கை, அவர்கள் தம்ளரைத் தொட்டால் ஆகாதாம். கிழவி போன மறுநாளே நானும் கிளம்பிவிட்டேன்.

ஜெயிலில் பெண்கள் பகுதிக்கு ஒரு மிஸ்ஸி வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம், தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் வந்து குதி குதி என்று குதித்தார்.

"விதவைப் பொண்ணு, ஜெயில்ல போயி வேலை பாக்குறாளாம்! குடும்ப மானம் கப்பலேறிப் போச்சு!"

"கப்பல்ல போனா ஊருக்குத்தான் போகும். நல்லா இருக்கட்டும் விடுங்க" என்றேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அண்ணன் என்னோடு பேசவில்லை.

எந்த ஊர் ஜெயில் என்று கேட்காதீர்கள். ஜோகூரில் இருந்தது, அது போதும். மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரத் துரை. கழுத்தெல்லாம் சிவந்து, எப்போது பார்த்தாலும் யாரையாவது பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார். முதல் நாள் என்னை நிற்கவைத்து, உடைந்த மலாயில் கேட்டார், பயமாக இருக்கிறதா என்று. "யாருக்கு, எனக்கா, உள்ள இருக்கிறவங்களுக்கா?" என்று நானும் மலாயில் திருப்பிக் கேட்டேன். ஒரு உறுமல் உறுமினார். பிறகு சொன்னார்: "ஏதாவது தப்பு என்று பட்டால் நேரே என்னிடம் வா. என்னிடம் பொய் மட்டும் சொல்லாதே." அதுவரை எந்த முதலாளியும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

பெண்கள் பகுதிக்கு வார்டர் ஒரு மலாய்க்கார அம்மா. எல்லாரும் மாக்சிக், அதாவது அத்தை, என்போம். இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. "தா போலே", அதாவது கூடாது. எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் அதுதான்.

அங்கேதான் அவள் வந்தாள். செனாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பெரிய கிராணியார் வீட்டில் சமையல் வேலை செய்தவள். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். புருஷன் செத்து, தன்னந்தனியாகப் பல வருஷம் அந்தக் குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள். கிராணியார் மனைவியின் இரட்டை வடச் சங்கிலி காணாமல் போயிருக்கிறது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? சமையல்காரிதான். "எங்க வீட்டு உப்பத் தின்னுட்டு எங்களுக்கே துரோகம் பண்ணிட்டா" என்று அந்த அம்மா கோர்ட்டில் அழுதாராம். சில மாதம் உள்ளே போட்டுவிட்டார்கள்.

வந்த அன்று தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார்கள். அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் அழுவார்கள், சாப்பிடமாட்டார்கள், அது வழக்கம்தான். இவள் அழவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை, அதற்கு மறுநாளும் சாப்பிடவில்லை. மாக்சிக் என்னிடம் வந்து சொல்லிவிட்டார்: இப்படியே போனால் மூக்கில் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றவேண்டும், இல்லையென்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும், ரூல் அப்படி. குழாய் விடுகிற வேலை யாருடையது? என்னுடையது.

ஒரு பெண்ணை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, நான் அவள் மூக்கில் குழாயைச் செருகவேண்டுமா? போய் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"ஏம்மா, செத்துப்போகணுமா உனக்கு?"

"நான் ஏன் மிஸ்ஸி சாகணும்? செத்தா, திருடி மனசு கேக்காம செத்தான்னு சொல்லிருவாங்க."

"அப்புறம் ஏன் சாப்பிட மாட்டேங்குற?"

"இங்க உப்பு தின்னா, நான் இந்த எடத்துக்குச் சேந்தவன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் இந்த எடத்துக்குச் சேந்தவ இல்ல."

அவ்வளவுதான். நல்ல கல்லுளிமங்கி! எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அவளைப் பிடித்தும் போயிற்று. பகையாளி வீட்டில் கை நனைக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் சித்தப்பா ஒருவர் பெண் கொடுத்த வீட்டில் சண்டை வந்து, பேரப்பிள்ளை காதுகுத்துக்குப் போயும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்தார். ஆனால் ஜெயிலையே பகையாளி வீடாக நினைத்து உட்கார்ந்திருப்பவளை அன்றுதான் பார்த்தேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தண்ணி மட்டும் ஜெயில் தண்ணி இல்லையா?"

"தண்ணியில உப்பு இல்லையே மிஸ்ஸி."

அட! எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அரிசிக் கஞ்சி வடித்து, ஒரு கல் உப்புப் போடாமல், மருந்து ஊற்றுகிற கிளாஸில் கொண்டுபோய் நீட்டினேன். "இது சாப்பாடு இல்ல, மருந்து. உப்புப் போட்டாத்தானே சோறு?" என்றேன். முகர்ந்து பார்த்தாள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். சமையல்காரி இல்லையா, அவளை ஏமாற்ற முடியாது. பிறகு ஒரே மூச்சாகக் குடித்துவிட்டு, "இன்னும் மருந்து இருக்கா?" என்று கேட்டாள்.

மாக்சிக் "தா போலே" என்றார். மருந்துக் கிளாஸில் கஞ்சி கூடாதாம். ஜெயில் டாக்டர் வந்தபோது நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மாக்சிக்கைப் பார்த்து, ஏதோ ஒன்று உள்ளே போனால் சரி, தொந்தரவு பண்ணாதே என்று கையை உதறிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கஞ்சி, வாழைப்பழம், வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு எல்லாம் மருந்து ஆயிற்று.

ஆனால் உடம்பு எத்தனை நாளைக்குக் கேட்கும்? எங்கள் ஊர் வெயில் தெரியும்தானே. மற்ற கைதிகளோடு அவளும் துணி துவைத்தாள், வேர்த்துக் கொட்டியது. உள்ளே உப்பு போகவில்லை. கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. தலை சுற்றியது. ஒருநாள் துவைக்கிற கல்மேலேயே விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். நோயாளி அறைக்குத் தூக்கி வந்து கட்டுப் போட்டேன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவள் வெளியே போகிற வரைக்கும் தாங்கமாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் உப்புக் கொண்டுவந்தேன்.

"இந்தா பாரு, இது ஜெயில் உப்பு இல்ல. என் வீட்டு உப்பு. கஞ்சியில போடுறேன், குடி."

"ஒங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்கறா மிஸ்ஸி?"

எனக்குச் சுருக்கென்றது. "போடி! அப்ப நானும் உனக்கு ஜெயில்தானா?" என்று கத்திவிட்டேன். பொட்டலத்தை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனவள், அன்று முழுவதும் அவளிடம் பேசவில்லை. சாயங்காலம் கட்டு மாற்றும்போது அவளே கையைப் பிடித்துக்கொண்டாள். "கோச்சுக்காதீங்க. ஒங்களச் சொல்லல. நான் ஒரு தடவ வளைஞ்சிட்டா அப்புறம் நிமிர முடியாது" என்றாள். கட்டைச் சரியாகக் கட்டினேன்.

இந்த நிலைமையில்தான் கிராணியார் மனைவி வந்து சேர்ந்தார். பட்டுப்புடவை, கையில் குடை, நெற்றியில் காசு அகலத்துக்குப் பொட்டு. கைதி எழுந்து நடக்க முடியாததால் நோயாளி அறைக்கே அந்த அம்மாவைக் கூட்டி வந்தார்கள். மாக்சிக் கதவோரம் நின்றார். நான் மேஜையில் துணிக் கட்டுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸி என்றால் சிலருக்கு அறையில் இருக்கிற நாற்காலி மாதிரி, காது இருக்கும் என்று நினைப்பதில்லை.

"என்னடி இப்படி எளைச்சுப் போயிட்ட" என்று தொடங்கினார் அந்த அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. சங்கிலி கெடைச்சிருச்சு. நான்தான் தாப்பாவுல ஒரு கல்யாணத்துக்குப் போறப்ப புளிச் சட்டிக்குள்ள போட்டு வச்சிட்டுப் போயிருக்கேன். அடியோட மறந்துட்டேன். புதுசா வந்தவ அடிப்புளி எடுக்கறப்ப கைல வந்திருச்சு."

என் கை அப்படியே நின்றுவிட்டது. பயணம் போகும்போது நகையைப் புளிச் சட்டியிலும் பருப்பு டின்னிலும் புதைத்து வைப்பது நம் பெண்கள் எல்லாரும் செய்கிறதுதான். வருஷப் புளி தீருகிற வரைக்கும் ஒரு சட்டி உண்மையை மூடி வைத்திருந்திருக்கிறது.

அந்த அம்மா மேலே பேசினார்: "இப்பப் போயி கோர்ட்டுல சொன்னா எங்க மானம் என்ன ஆவுறது? அவருக்கு வேலைக்கே ஒலை வச்சிருவாங்க. நீ என்ன பண்ற, எடுத்தது நான்தான், பயந்துபோயி புளிச் சட்டியில போட்டுட்டேன்னு சொல்லிடு. மன்னிச்சிட்டோம்னு நாங்க எழுதிக் குடுக்கறோம். சீக்கிரம் விட்டுருவாங்க. வந்து பழையபடி சமையக்கட்டப் பாத்துக்க. ஒன் கைச் சோறு இல்லாம அவருக்குச் சாப்பாடே எறங்கல."

அடிப்பாவி! எனக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முந்திக்கொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். செத்துக்கொண்டிருப்பவளிடம் உயிரைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். ஒரு சின்னப் பொய், அவ்வளவுதான் விலை. சொல்லிவிட்டால் குழம்பும் சோறும் சாப்பிடலாம், பிழைத்துக்கொள்ளலாம். சொல்லித் தொலையேன் என்றுகூட ஒரு நொடி மனசு அடித்துக்கொண்டது.

அவள் மெதுவாக முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "நான் எடுக்கலம்மா" என்றாள். கோர்ட்டில் சொன்ன அதே வார்த்தை.

"அதான் தெரியுமே. சும்மா சொல்லுன்னுதானே சொல்றேன்."

"நான் எடுக்கலம்மா."

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஓடிப்போய்க் கதவை மறித்தேன்.

"எங்க போறீங்க? புளிச் சட்டிக் கதைய எங்க துரைகிட்டயும் ஒருவாட்டி சொல்லிட்டுப் போங்க."

"நீ யாருடி என்னய மறிக்க? கைதிக்கு மருந்து ஊத்தற நாயி! வழிய விடு!"

நான் மாக்சிக்கைப் பார்த்தேன். ரூல் பேசுவார், வழியை விடு என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னை வெளியே இழுத்தார், கதவைச் சாத்தினார், இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டினார். கிராணியார் மனைவி உள்ளே! "தா போலே" என்றார் மாக்சிக், கம்பிக் கதவு வழியாக அந்த அம்மாவைப் பார்த்து. இத்தனை வருஷமாகத் தமிழ்க் கைதிகளோடு இருக்கிறவருக்குத் தமிழ் புரியும் என்று எங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. வாசலைக் காட்டி, "பெர்கி லா, போ, போ" என்று என்னை விரட்டினார்.

துரையின் அறைக்கு ஓடினேன். அனுமதி கேட்காமல் உள்ளே போனதற்கு முதலில் கத்தினார். கத்தி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கதவைப் பூட்டியதையும் சேர்த்து. மரியாதையான வீட்டுப் பெண்ணை ஜெயிலில் அடைத்துவைத்தால் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் எழுந்து வந்தார். கிராணியார் மனைவி அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தயாராக இருந்தார். தான் அப்படி ஒன்றுமே சொல்லவில்லை என்றும், இந்த மிஸ்ஸிக்குத் தன்மேல் ஏதோ பொறாமை என்றும், கைதிக்கும் மிஸ்ஸிக்கும் ஏதோ ஏற்பாடு என்றும் நல்ல மலாயில் அழகாகச் சொன்னார். துரை என் பக்கம் திரும்பினார்.

"நீ கேட்டாயா?"

"கேட்டேன்."

அவ்வளவுதான் கேட்டார். அந்த அம்மாவிடம், "இந்த மிஸ்ஸி என்னிடம் பொய் சொன்னதில்லை" என்றார். ஒரு அத்தாட்சி கையில் இல்லை, கிராணியார் மனைவியின் பட்டுக்கு முன்னால் என் வெள்ளைச் சீலைக்கு என்ன மதிப்பு? இருந்தும் சொன்னார். நல்ல முதலாளி யார் என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் இந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வது. கத்தட்டும், உறுமட்டும், கொஞ்சமாகச் சிரிக்கட்டும். அன்றைக்கு அவர் போன் போட்டு, போலீஸ்காரர்கள் தோட்டத்து வீட்டுக்குப் போனார்கள். பீரோவில் சங்கிலி இருந்தது. கழுவித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் கண்ணிக்குக் கண்ணி இடுக்கில் கருப்பாகப் புளி ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

கோர்ட் உத்தரவு வருவதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அதுவரை உப்பில்லாத கஞ்சிதான், ஒரு வாய்கூட அவள் இறங்கிவரவில்லை. உத்தரவு வந்த அன்று அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் நின்றுவிட்டாள்.

"மன்னிப்பா மிஸ்ஸி, இல்ல குத்தமே இல்லன்னா? மன்னிப்புன்னா நான் போகல."

நான் துரையிடம் மலாயில் கேட்டேன். அவர் முகம் இன்னும் சிவந்தது. "சாலா தாடா!" என்று கத்தினார், குற்றம் இல்லை என்று. "குற்றம் இல்லை, குற்றம் இல்லை! வெளியே கூட்டிப்போய் முதலில் அவளுக்குச் சோறு போடு!"

என் குவார்ட்டர்ஸ் ஜெயில் வேலிக்குள் இருந்தது. வேலியைத் தாண்டியவளைத் திரும்ப உள்ளே கூப்பிட எனக்கே மனசு வரவில்லை. எதிரே ரோட்டோரம் ஒரு பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அங்கே சோறும் மீன் குழம்பும் வாங்கி, மழைமரத்தடியில் புல்லில் இரண்டு வாழையிலைகளை விரித்தேன். ஜெயில் ஆபீஸ் குமாஸ்தாக்கள் போகிற வருகிற ரோடு அது. வெள்ளைச் சீலை கட்டிய மிஸ்ஸி, நேற்றுவரை கைதியாக இருந்தவளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று நின்று பார்த்தார்கள். நன்றாகப் பாருங்கள் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் முதல் கவளத்தை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம் மென்றாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

அப்போது ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கிராணியார் மனைவி இறங்கினார். கிட்டே வராமல் நின்றபடியே, "சரி, போனது போச்சு. ஏறு, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் இலையோடு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"வாங்கம்மா. ஒக்காருங்க. சாப்பிடலாம்."

அந்த வீட்டில் இத்தனை வருஷம் எந்தக் குரலில் சொல்லியிருப்பாளோ அதே குரல். கிண்டல் இல்லை, கோபம் இல்லை. நான் இன்னொரு இலையை எடுத்து விரித்துச் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினேன். அந்த அம்மா இலையைப் பார்த்தார், ரோட்டில் நிற்கிறவர்களைப் பார்த்தார்.

"நான் சாப்பிட்டுட்டேன்" என்றார்.

"பரவால்லம்மா, ஒரு வாய்."

அவர் குடையை மடக்கிக்கொண்டு காரில் ஏறினார், கார் போயிற்று. டியூட்டி முடிந்து கேட்டை விட்டு வெளியே வந்த மாக்சிக் எங்களைப் பார்த்து நின்றார். "வாங்க, சாப்பிடலாம்" என்று அவரையும் கூப்பிட்டாள். மாக்சிக் செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்றாவது இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.